அறுபத்தோராவது கிலோமீற்றர்

வீடு மூன்று கிலோமீற்றர் முன்னதாக வந்துவிட்டது.

அறுபத்தோராவது கிலோமீற்றரில், ஒலிவ் மரங்கள் முடிந்து கல்மதில் தொடங்குகிற வளைவில் இருக்கவேண்டிய வீடு அது. திரையின் மூலையில் ஐம்பத்தெட்டு என்ற எண் எரிந்துகொண்டிருந்தபோதே வந்து நின்றது. அலெக்ஸாண்டர் மிதிப்பதை நிறுத்தினார். அவர் நிறுத்தியதும் சிசிலித் தீவும் நின்றது. அந்த ஏற்பாடு அவருக்கு மிகவும் பிடிக்கும். ஐம்பத்தைந்து வயதில் அவருடைய பேச்சைக் கேட்டு நடக்கிற ஒரே நாடு அதுதான்.

ஜனவரி மாதம். ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவருடைய வீட்டின் நிலவறையில், அரிசி மூட்டைகளுக்கும் மீன் வாசம் விட்டுப்போகாத இரண்டாவது குளிர்பெட்டிக்கும் நடுவே, பின்சில்லைக் கழற்றிச் சைக்கிளைப் பூட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்கிற ரெயினர் இருந்தது. அதற்கு எதிரே அறுபது அங்குல ரீவி. ஓரத்துச் சுவரில், ஒக்ரோபர் மாதச் செபமாலைக்கு வருகிறவர்களுக்கென்று வாங்கிய பன்னிரண்டு மடக்குக் கதிரைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. காலால் மிதிக்கிற வேகத்துக்கு ஏற்பத் திரையில் பாதை ஓடும். சென்ற செப்டெம்பரில் அவரே சைக்கிள் கைப்பிடியில் கமெராவைப் பொருத்தி எடுத்த பாதை.

'உலகத் தமிழ் ஈருருளியாளர் பேரவை' அந்த எட்டு நாள் பயணத்தை நடத்தியது. உலகம் என்பது ஏழு பேர். சிசிலியின் உட்பகுதியில், லொறிகள் மறந்துபோன பழைய கிராமப் பாதைகளில், கோதுமைத் தாள் எரித்த கறுப்பு வயல்களுக்கும் இடிந்த கோட்டைகளுக்கும் இடையே அமைதியாக மிதித்துச் செல்வது திட்டம். அமைதிதான் கிடைக்கவில்லை, ஏழு பேரில் நான்கு பேர் பேச்சாளர்கள்.

அலெக்ஸாண்டர் வீடு விற்கிற முகவர். லோறன்ஸ் அவெனியூவில் இரண்டு பஸ் தரிப்பு வாங்குகளின் விளம்பரத்தில் அவருடைய முகம் கன்னத்தில் கைவைத்தபடி சிரிக்கும். மாரியில் பனி அதை மூக்கு வரைக்கும் மூடிவிடும். மார்ச் மாதத்தில் அஜின்கோர்ட் மண்டபம் ஒன்றில் அவருடைய பயண நூல் வெளியீடு. 'கல்லும் ஒலிவும்: ஒரு நாகரிகத் தேடல்.' ஐந்தாம் நாள் அத்தியாயம் மட்டும் மிச்சம் இருந்தது. அந்தப் பாதையை மறுபடி மிதித்தால் எழுத்து வரும் என்று நம்பி நிலவறைக்கு இறங்கியவருக்கு ஒரு வசனம்தான் வந்திருந்தது: 'அம்மக்கள் என்னைத் தம்மில் ஒருவனாகவே ஏற்றுக்கொண்டனர்.'

நடந்தது அதுவல்ல. ஐந்தாம் நாள் ஏற்றத்தில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மற்ற ஆறு பேரும் காத்திருக்கவில்லை. நொண்டி இறங்குவதைப் பேரவை பார்க்கத் தேவையில்லை என்று கமெராவை அணைத்துவிட்டு, வளைவில் தெரிந்த வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். வெளிச்சுவரோரமாக வரிசையாகக் கதிரைகள். கறுப்பு உடுப்பில் பத்துப் பதினைந்து பேர். ஒரு கதிரை வெறுமையாக இருந்தது, அதில் உட்கார்ந்தார். கழுத்தே இல்லாத ஒரு தடித்த மனிதர் கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சுவரில் கறுப்புக் கரை போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. தேர்தல் அறிவித்தல் என்று நினைத்துக் கைப்பேசியில் படம்கூட எடுத்தார். பாதித் தண்ணீர் குடித்த பிறகுதான் திறந்த கதவுக்குள்ளிருந்து மெழுகு வாசம் வந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் இரண்டு மெழுகுதிரிகள். அவற்றுக்கு நடுவே, வாசலை நோக்கி நீட்டியபடி, வெள்ளைச் சொக்ஸ் போட்ட இரண்டு பாதங்கள்.

அந்த நேரம் பார்த்து, பயணத்துக்குத் துணையாக வந்த வான் வண்டி ஹோர்ன் அடித்தது. எழுந்தார். கைவசம் இருந்த ஒரே இத்தாலியச் சொல்லைத் தண்ணீருக்கே செலவழித்திருந்தார். ஏதாவது சொல்லவேண்டுமே. வாய் தன்பாட்டில், முப்பது வருடமாக எல்லார் வீட்டு வாசலிலும் விடைபெறச் சொல்லிப் பழகியதைச் சொல்லிவிட்டது.

"அப்ப நான் போட்டு வாறன்."

கைகூப்பி, சிரித்து, நன்றாகவே சொன்னார்.

இதைச் செய்தவர் யார் என்றும் சொல்லவேண்டும். ஸ்காபரோவில் எந்தச் செத்தவீடு என்றாலும் ஒலிவாங்கி அலெக்ஸாண்டரின் கையில்தான் இருக்கும். உரை முடிந்ததும் வாசலில் போய் நின்றுகொள்வார். விடைபெற வருகிற பிள்ளைகளைத் தடுத்துத் திருத்துவது அவருடைய சேவை. "தம்பி, செத்தவீட்டில போட்டு வாறன் எண்டு சொல்லப்படாது. ஒருத்தருக்கும் சொல்லாமல் பேசாமல் போகவேணும். உங்களுக்கு உதுகள் ஒருத்தரும் சொல்லித்தாறேல்லையோ?"

அந்தக் கறுப்பு உடுப்புக்காரர் எல்லாரும் ஒரேநேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபமாக அல்ல. குறித்துவைத்துக்கொள்வதைப்போல. தமிழ் தெரியாதவர்கள்தானே என்று வான் வண்டியில் ஏறும்போது நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதை நினைக்கவே இல்லை.

இப்போது நினைத்தார். ஐம்பத்தெட்டாவது கிலோமீற்றரில் நின்ற வீட்டின் முன்னால் கதிரைகள் இருந்தன.

பேரவைத் தலைவர் மோகனசுந்தரத்துக்கு அழைப்பெடுத்தார். சேலத்துக்காரர், கணினித் துறையில் பெரிய பதவி, எல்லாருடைய காணொளிகளையும் சேர்த்து வைத்திருப்பவர்.

"பைல்ல ஒண்ணும் தப்பில்லையே சார்," என்றார் சிறிது நேரத்தில். "அறுபத்தொண்ணுலதான் இருக்கு. நான் அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"கதிரையள் தெரியுதோ?"

"எந்தக் கதிரை? பூட்டின வீடு சார் அது. கூரைல பாதி இல்ல. கதவுல குறுக்கே கட்டையே அடிச்சிருக்கு. ஏன் சார், வாங்குற ஐடியாவா? விட்டா அங்கயும் ஒரு பெஞ்ச்ல படம் போட்டுருவீங்க."

அலெக்ஸாண்டர் சிரித்தார். மூன்று வினாடி பிந்திச் சிரித்தார்.

புதன்கிழமை வீடு நாற்பதாவது கிலோமீற்றரில் வந்தது.

வீட்டைச் சூடாக்குகிற வெதுப்பி இரைந்து ஓய்ந்த நேரம் அது. சங்கிலியின் மெல்லிய சீறலும் தன்னுடைய மூச்சும் தவிர நிலவறையில் வேறொன்றும் கேட்காத அந்த இடைவெளியில், கல்லின்மேல் மரக்கதிரையை இழுக்கிற ஓசை ஒன்று கேட்டது. ரீவியிலிருந்து வந்ததா, ஒலியைத்தான் அணைத்திருந்தாரே என்று அவர் யோசித்து முடிக்கும் முன்பே வயல் எரிந்த வாசமும், அதற்குள் மெழுகும், அதற்குள் புளித்த கோப்பியும் மூக்கில் ஏறின. கதிரைகளில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு கதிரை மட்டும் வெறுமை. அவர் நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். கடந்துபோகும்போது ஓரக்கண்ணில் பட்டது: அவர்களுடைய முகங்கள் கமெரா போன பக்கம் திரும்பவில்லை. நேரே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அரிசி மூட்டைகளின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"இஞ்சேருங்கோ, கீழ என்ன கருகுது?" நிலவறைப் படித் தலைப்பிலிருந்து மனைவி அன்ரனெற்றின் குரல்.

"ஒண்டுமில்லை."

"நெருப்புக் கிருப்பு வைச்சிடாதேங்கோ. நான் கடைக்குப் போட்டு வாறன்."

முப்பத்தொரு வருடத்தில் அன்ரனெற் அதைச் சொல்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. குப்பைத் தொட்டியை வீதிக்கு உருட்டிக்கொண்டு போனாலும் சொல்லுவா. பதிலுக்கு "ஓம், வாரும்" என்று இவர் குரல் கொடுக்கும் வரைக்கும் கதவு சாத்துகிற சத்தம் கேட்காது.

"ஓம், வாரும்," என்றார்.

சனிக்கிழமை, பதினேழாவது கிலோமீற்றர். இறங்கமாட்டேன் என்றுதான் இருந்தார். அச்சகத்திலிருந்து அத்தியாயம் கேட்டு இரண்டு தரம் அழைத்துவிட்டார்கள். வெளியீட்டு அழைப்பிதழில் அவருடைய பெயருக்கு முன்னால் 'உலகப் பயணி' என்று போட்டாகிவிட்டது. உலகப் பயணி தன்னுடைய நிலவறைக்கு இறங்கப் பயந்தார் என்று வரலாறு எழுதக்கூடாது. இறங்கினார்.

இந்தமுறை கதவு அகலமாகத் திறந்திருந்தது. மெழுகுதிரிகள் அண்மையில் தெரிந்தன. பாதங்களும்தான். வெள்ளைச் சொக்ஸ். இடது பெருவிரல் நுனியில் மண்ணிறத்தில் ஒரு புள்ளி. ஈ இருக்கிறதாக்கும் என்று நினைத்தார். ஈ பறக்கவில்லை.

மேலே வந்தபோது அன்ரனெற் சாய்மணைக் கதிரையில் தோய்த்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தா. ஒரு சோடிச் சொக்ஸை உருட்டி அவருடைய மடியில் எறிந்தா.

"உந்தப் பழசுகளை எறியுங்கோ எண்டாலும் கேக்கமாட்டியள். வாங்கில படம் போடுற ஆளின்ர பெருவிரல் வெளியில நிக்குது. வெள்ளை நூல் முடிஞ்சுது, பிறவுண் நூலாலதான் தைச்சனான். சப்பாத்துக்குள்ள ஆர் பாக்கப்போறாங்கள்?"

அவர் சொக்ஸை விரித்தார். இடது கால். பெருவிரல் நுனி. மண்ணிற நூலில் நெருக்கமாக ஏழெட்டுத் தையல்.

"எப்ப தைச்சனீர்?"

"இப்ப மத்தியானம்தான். நீங்கள் கீழ உழக்கிக்கொண்டிருக்கேக்க. ஏன், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நூலில் எழுதிய மாதிரியல்ல, நடந்த மாதிரி. கெண்டைக்கால், கதிரை, தண்ணீர், கடைசியாக அந்தச் சொல். அன்ரனெற் முதலில் சிரித்தா.

"செத்தவீட்டில நிண்டு வாறன் எண்டு சொன்னனீங்களோ? நீங்களோ? றெஜினாவின்ர பெடியனை உதுக்காகவே அவ்வளவு சனத்துக்கு முன்னால அழப்பண்ணின ஆள்!" பிறகு அவருடைய கையைப் பார்த்தா. அது அந்தத் தையலைத் தடவிக்கொண்டே இருந்தது. சிரிப்பு நின்றது. "சரி விடுங்கோ. சொன்னது பிழைதான். வாறன் எண்டு சொன்னால் அவை பாத்துக்கொண்டுதானே இருப்பினம். ஒருக்காப் போய் நிண்டு, வாயைத் திறக்காமல் திரும்பி வந்திடுங்கோ. முறைப்படி. கணக்குத் தீர்ந்துது."

"என்னண்டு? சிசிலிக்குப் போகச் சொல்லுறீரோ?"

"சிசிலியைத்தானே கீழ வைச்சிருக்கிறியள்."

அவ பகிடியாகத்தான் சொன்னா. அவருக்கு அது ஒரே வழியாகத் தெரிந்தது. இரண்டு பாதங்களும் யாருடையவை என்று இப்போது அவருக்குத் தெரியும். வீடு ஒவ்வொருமுறையும் கிட்ட வந்துகொண்டிருக்கிறது. அது வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டு, சொல்லாமல் திரும்பவேண்டும். சொக்ஸைச் சமையலறைக் குப்பைக்குள் திணித்து, பையை முடிச்சுப்போட்டு, வெளியே பனிக்குள் தொட்டியில் போட்டு மூடினார்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு இரண்டு மணிக்கு இறங்கினார். கறுப்புச் சொக்ஸ் போட்டிருந்தார். இரண்டு தரம் குனிந்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். ஐந்தரைப் பூசைக்கு அன்ரனெற் ஐந்து மணிக்குப் புறப்படுவா. அதற்குள் முடிந்துவிடும்.

முதலாவது கிலோமீற்றர் முடியவில்லை. வந்துவிட்டது.

மதில். கதிரைகள். எல்லாரும் இருந்தார்கள். ஒன்றுதான் வெறுமை.

மிதிப்பதை நிறுத்தினார். படம் நின்றது. தூசி அந்தரத்தில் நின்றது. ஒலிவ் இலை நின்றது. கழுத்தில்லாத மனிதர் கோப்பையை நீட்டியபடி நின்றார். கதவுக்குள் மெழுகுதிரிச் சுடர் இரண்டும் நிற்கவில்லை. அசைந்தன.

பல்லைக் கடித்துக்கொண்டார். ஒன்று. இரண்டு. மூன்று. கோப்பையின் வெளிப்புறத்தில் ஒரு துளி நீர் இறங்கியது. நான்கு. தொண்டைக்குள் அந்தச் சொல் தானாக ஏறிவந்தது. முப்பது வருடப் பழக்கம். உதட்டைக் கையால் பொத்தினார். ஐந்து.

மிதித்தார்.

வீடு பின்னால் போனது. பேசவில்லை. ஒரு சொல் இல்லை. ஒலிவ், ஒலிவ், கறுப்பு வயல், நாகதாளிப் புதர், பிளாஸ்திக் பூ வைத்த மாதா கூடு. பதினேழில் வீடு இல்லை. நாற்பதில் இல்லை. வியர்வை கண்ணுக்குள் எரிந்தது, துடைக்கவில்லை. ஐம்பத்தெட்டில் இல்லை. அறுபத்தொன்று, வளைவு, ஒலிவ் மரங்கள் முடிந்து கல்மதில் தொடங்கியது. மதில் மட்டும்தான். வீடு இருந்த இடத்தில் வானம்.

அலெக்ஸாண்டர் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, பாவம், அத்தியாயத்தின் கடைசி வசனமும் வந்துவிட்டது: 'மௌனமே மானுடத்தின் பொதுமொழி என்பதை அன்று கண்டேன்.' மண்டபத்தில் அந்த இடத்தில் கைதட்டுவார்கள்.

மேலே ஒரு கதிரையை இழுக்கிற சத்தம் கேட்டது.

பிறகு இன்னொன்று.

அவர் சுவரைப் பார்த்தார். மடக்குக் கதிரைகள் சாய்த்திருந்த இடம் வெறுஞ்சுவராக இருந்தது. தூசியில் பன்னிரண்டு கோடுகள்.

மேலே ஆட்கள். ஒருவர் இருவரல்ல. தணிந்த குரலில், அடிக்கடி நின்று நின்று, ஒரே மாதிரிப் பேசுகிற ஆட்கள். அந்தப் பேச்சை அவருக்கு நன்றாகத் தெரியும். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வாசலில் சப்பாத்துக் குவியலுக்குள் தங்களுடையதைத் தேடுகிற தடதடப்பு. கதவு திறந்தது. கதவு சாத்தியது. யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுபடி திறந்தது. சாத்தியது. சொல்லிக்கொள்ளவில்லை.

மறுபடி.

பிறகு அன்ரனெற்றின் நடை. அவருக்கு அது தெரியும். வலது காலைச் சற்று அழுத்தி வைப்பா. நிலவறைப் படித் தலைப்பில் வந்து நின்றது. அவர் அண்ணாந்து காத்திருந்தார். 'இஞ்சேருங்கோ.' அது வரவேண்டும். அது வந்தால் போதும். "ஓம், வாரும்" என்று சொல்ல நாக்கின் நுனியில் எடுத்து வைத்திருந்தார்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"அன்ரனெற்," என்றார். "போட்டு வாறன் எண்டு சொல்லும்."

நடை திரும்பியது. கதவு திறந்தது. சாத்தியது.

சைக்கிளிலிருந்து இறங்கினாரா, விழுந்தாரா. படி ஏறினார். பதினான்கு படி. எட்டு வரைக்கும் எண்ணினார். வரவேற்பறையில் மூன்று சுவரோரமும் கதிரைகள். எல்லாம் வெறுமை. மெழுகு வாசம். வாசலுக்கு ஓடவேண்டும். கார் இன்னும் புறப்பட்டிருக்காது. ஓடவேண்டும். நின்றுகொண்டிருப்பதாகத்தான் நினைத்தார்.

கூரை தெரிந்தது. நேரே மேலே.

கழுத்தைத் திருப்பமுடியவில்லை. கண்ணை மட்டும் இறக்கமுடிந்தது. இரண்டு பக்கமும் சுடர். நடுவே இரண்டு பாதங்கள். வெள்ளை. இடது பெருவிரலில் ஏழெட்டு மண்ணிறத் தையல்.

பாதங்களுக்கு அப்பால் வாசல் திறந்திருந்தது. பனி இல்லை. வீதி இல்லை. வெயில். செப்டெம்பர் மாதத்து வெயில், கல்மதிலில் மோதித் தெறித்துக்கொண்டு. எரிந்த வயலின் வாசம். கதிரைகளின் முதுகுகள், கறுப்பு உடுப்புகள். அவர்களுக்கு நடுவே, மஞ்சள் மேற்சட்டையும் தலைக்கவசமும் போட்டு, வியர்த்து, சிவந்து, கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு ஒருவர் இருந்தார். கையில் பாதிக் கோப்பைத் தண்ணீர். நிமிர்ந்து வாசலுக்குள் பார்த்தார். லோறன்ஸ் அவெனியூ வாங்குகளில் கன்னத்தில் கைவைத்திருக்கிற முகம்.

பாதங்களைக் கண்டது. சட்டென்று வெளிறியது.

எங்கோ வான் ஹோர்ன் அடித்தது.

போ. பேசாமல் போ. சொல்லாதை.

கத்தப்பார்த்தார். நாடியையும் உச்சந்தலையையும் சேர்த்து வெள்ளைத் துணி இறுகக் கட்டியிருந்தது. காதோரத்தில் சின்னதாய், ஒழுங்காய், ஒரு முடிச்சு. அன்ரனெற் போடுகிற முடிச்சு. பல்லோடு பல் ஒட்டியிருந்தது. தொண்டைக்குள்ளேயே கத்தினார்.

மஞ்சள் மேற்சட்டைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார். சங்கடத்தோடு எல்லாரையும் பார்த்துக் கைகூப்பினார். பிறகு, வாசலுக்குள் எட்டி, நேரே இவருடைய கண்களைப் பார்த்து, நன்றாகச் சிரித்தார்.

"அப்ப நான் போட்டு வாறன்."